கடல் கடந்த வரிகள்: பினாங்குத் தமிழர் பேச்சில் பழம்பாட்டும் புராணமும்

பினாங்கில் பள்ளி ஆண்டுவிழாவோ, கோயில் திருப்பணிக் கூட்டமோ, இளைஞர் மன்ற விளையாட்டுப் போட்டியோ எதுவானாலும், மேடையேறிப் பேசுபவர் வாயில் மூன்று செய்திகள் வந்துவிடும். முதலில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்". அடுத்து "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு". பேச்சு சூடு பிடித்துவிட்டால் கடாரம் (இன்றைய கெடா) கொண்ட சோழன் இராசேந்திரன். மூன்றுக்கும் கைதட்டல் நிச்சயம். மூன்றும் வெவ்வேறு காலத்தவை. வெவ்வேறு வழியாக இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவை. மூலப் பாட்டுகளை எடுத்து வைத்துப் படித்தால் ஒன்றை ஒன்று மறுத்துப் பேசுவதும் கேட்கும். அன்றாடம் நாம் எடுத்தாளும் பழம்பாட்டு வரிகளும் புராணப் பெயர்களும் எங்கிருந்து வந்தன, மூலத்தில் என்ன சொல்கின்றன, மலேசியத் தமிழர் வாயில் என்ன ஆயின என்று பார்த்தால் நம் குடியேற்ற வரலாறே அவற்றுக்குள் மடிந்து கிடப்பது தெரியும்.

வந்த வழியிலிருந்து தொடங்குகிறேன். பிரான்சிஸ் லைட் பினாங்கில் காலூன்றியது 1786இல். அதன்பின் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் கூலிகளும் படகுக்காரரும் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த இலக்கியம் பெரும்பாலும் வாயிலும் காதிலும் இருந்தது. திண்ணைப் பள்ளியில் ஒப்பித்த ஆத்திசூடி, கொன்றை வேந்தன். கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் கேட்ட இராமாயணம், பாரதம். கோயிலில் பாடிய திருப்புகழ். பினாங்கின் லெபு சூலியா தெருப் பக்கம் குடியேறிய தமிழ் முஸ்லிம்களிடம் உமறுப்புலவரின் சீறாப்புராணம். அந்தச் சீறாவைத் திறந்தால் நாட்டுப் படலத்தில் அரபு நாடே ஆறும் வயலும் செழித்த மருத நிலமாக விரியும். நபியின் வரலாற்றைப் பாடவந்த புலவருக்கும் தமிழ்க் காப்பிய மரபுதான் கண் கொடுத்தது. நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே பினாங்கில் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தீவில் பழந்தமிழை ஆண்டவர்கள் ஒரு சமயத்தவர் மட்டும் இல்லை.

அந்தப் பட்டியலில் சங்க இலக்கியம் கிடையாது. இருந்திருக்கவும் முடியாது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியது 1889இல், புறநானூறு 1894இல், குறுந்தொகை அச்சில் வந்தது 1915இல். அதுவரை அவை சில மடங்களிலும் புலவர் வீடுகளிலும் ஏட்டுச் சுவடிகளாகக் கிடந்தன. அப்படியானால் பினாங்கில் தமிழர் குடியேறி நூறாண்டு கடந்த பிறகும் இங்கே எந்தக் கூட்டத்திலும் "யாதும் ஊரே" ஒலித்திருக்க வழியில்லை. ஔவையும் கம்பனும் கூலிகளோடு கப்பலில் வந்தார்கள். "யாதும் ஊரே" பாடிய கணியன் பூங்குன்றனார் வந்தது பின்னால், அச்சுப் புத்தகத்தில்.

அந்த இரண்டாம் வருகைக்கு ஒரு காலச்சூழல் உண்டு. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன் இதழ் தொடங்கியது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். சாதியும் சடங்கும் புராணமும் கேள்விக்குள்ளான அந்தக் காலத்தில், புராணத்துக்கு முந்திய தமிழ் ஒன்று உண்டு என்று காட்டச் சங்கப் பாட்டு உதவியது. பிறகு 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்த தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அந்த மாநாடு சென்னையில் நடக்கும் முன்பே இங்கே நடந்துவிட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பூங்குன்றனாரின் வரி மலேசியத் தமிழரின் பொதுச்சொத்தானது இந்த நாற்பது ஆண்டுக்குள்தான்.

இப்போது அந்தப் பாட்டைப் பார்ப்போம். புறநானூற்றில் 192ஆம் பாட்டு. நாம் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வரி "தீதும் நன்றும் பிறர்தர வாரா". அதையும் சிலர் சொல்வார்கள். அதன் பிறகு பாட்டு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். சாவு புதிதன்று என்கிறது. வாழ்வு இனியது என்று துள்ளவும் மாட்டோம், கசந்துபோய் இன்னாதது என்று ஒதுக்கவும் மாட்டோம் என்கிறது. பின்பு அந்த மாபெரும் உவமை:

"மின்னொடு
வானம் தண்துளி தலைஇ, ஆனாது
கல்பொருது இரங்கும் மல்லல் பேர்யாற்று
நீர்வழிப் படூஉம் புணைபோல், ஆருயிர்
முறைவழிப் படூஉம்"

மின்னலோடு மழை கொட்டி, கல்லில் மோதி ஓயாமல் முழங்கும் பேராற்றில், நீர் போகும் வழியே போகும் தெப்பம். உயிரும் அப்படித்தான் முறையின் வழியே போகிறது. இதை அறிவுடையோர் காட்சியால் தெளிந்துகொண்டதால், பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை. சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. பாட்டு முடிகிறது.

முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் அது விருந்தோம்பல் வாசகமாகவோ, "எங்களுக்கும் இது சொந்த ஊர்தான்" என்ற உரிமைக் குரலாகவோ கேட்கிறது. இந்த நாட்டில் நான்கு, ஐந்து தலைமுறையாக வாழ்ந்தும் "எங்கிருந்து வந்தாய்" என்று கேட்கப்படுகிறவர்கள் அந்த வரியை அப்படி எடுத்தாள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பாட்டின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாம் நம் ஊர், எல்லாரும் நம் உறவு என்று புலவரால் சொல்ல முடிவது, தெப்பத்தின் போக்கை ஒப்புக்கொண்டதால். கடைசி இரண்டு வரிகள் அந்த ஒப்புதலின் விளைவு. என்னைக் கேட்டால், மேடையில் பெரிய மனிதர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் சொல்ல வேண்டியது "பெரியோரை வியத்தலும் இலமே" என்ற வரிதான்.

பூங்குன்றம் என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பார்கள். பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் பிறந்த ஊரும் அதுவே. லெபு பினாங்குத் தெருவில் கிட்டங்கி (கடையும் தங்குமிடமும்) போட்டு வட்டித்தொழில் செய்த நகரத்தார் அந்தச் சீமைக்காரர்கள்தான். பாட்டு எழுந்த மண்ணின் பிள்ளைகள், அந்தப் பாட்டு அச்சில் வருவதற்கு முன்பே இங்கே ஐந்தொகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கொன்றை வேந்தனின் "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" வேறு வகை. இது முதல் கப்பலிலேயே வந்த வரி. "அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்" என்று தொடங்கும் நூலில், அகர வரிசையில், ஒற்றை அடியாக நிற்கும் அறிவுரை. முன்னும் பின்னும் கதை இல்லை. ஆகவே எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்திவிடும். வணிகருக்கு அது சரியாகவே பொருந்தியது. ஆனால் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையை இந்த வரியால் மூடும்போது மனம் ஒப்பவில்லை. ஒப்பந்தக் கூலி முறையிலும், அது 1910இல் முடிந்த பிறகு, தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டும் கங்காணி முறையிலும் வந்தவர்கள் திரவியம் தேடி ஓடியவர்களா? பஞ்சமும் கடனும் தள்ளியது, கங்காணி பேசிய பேச்சு இழுத்தது. நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்குத் துறையை அடைந்து, புலாவ் ஜெரெஜாக்கில் தொற்றுக்காப்புக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்து, பிறகு லயத்தில் (வரிசைக் குடியிருப்பில்) ஓர் அறை கிடைத்து, விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பால்மரம் சீவப் போனார்கள். தேடிய திரவியம் யாருக்குச் சேர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த வரிகளெல்லாம் இன்றும் உயிரோடு இருக்க முதற்காரணம் நம் தமிழ்ப்பள்ளிகள். தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 'செய்யுளும் மொழியணியும்' என்று தனிப் பகுதியே உண்டு. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, வெற்றி வேற்கை, மூதுரை, நல்வழி, திருக்குறள் என்று செய்யுள்கள் ஒருபுறம். பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர் மறுபுறம். பிள்ளைகள் கங்கணம் கட்டுதல், தோள் கொடுத்தல், கரைத்துக் குடித்தல், இலைமறை காய் போல, சிலை மேல் எழுத்து போல என்று ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போவார்கள். தொடர், அதன் பொருள், சூழலுக்கேற்ற வாக்கியம். பயிற்சிப் புத்தகத்தின் வடிவம் அதுதான். ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பிள்ளைகள், வீட்டுக்கு வெளியே மலாயும் ஆங்கிலமும் பேசிக்கொண்டே, இத்தனை தொடர்களை நாவில் வைத்திருப்பது எளிய காரியம் இல்லை. அந்த ஆசிரியர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு குறை மட்டும் சொல்லலாம். பொருள் சொல்லிக்கொடுத்த வேகத்தில் கதை விடுபட்டுப் போகிறது. கங்கணம் கட்டுதல் என்றால் உறுதி பூணுதல் என்று எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளை, தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கும் தன் தந்தையின் மணிக்கட்டைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

தைப்பூசம் என்றதும் இடும்பன் நினைவுக்கு வருகிறான். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தண்டின் இருமுனையில் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தவன். பழனியில் முருகனோடு மோதி வீழ்ந்து, அருளால் எழுந்து, மலைக்குக் காவலாக நின்றவன். பினாங்கு முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் ஏறும் ஒவ்வொரு காவடியும் அந்தக் கதையின் மறுநிகழ்ச்சி. அதே காவடி பேச்சில் வேறு வேலை செய்கிறது. பள்ளி வாரியத்தார் மானியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைச் சொல்லும்போது "எத்தனை தடவை காவடி எடுத்தோம் தெரியுமா" என்பார்கள். நடையாய் நடந்த களைப்பும், கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையின் கசப்பும் அந்த ஒரு சொல்லில் ஏறிவிட்டன.

புராணப் பெயர்கள் வசைச்சொற்களாக மாறும் விதம் தனியாகப் பேசத்தக்கது. "டேய் கும்பகர்ணா, எழுந்திருடா, பஸ் வந்திருச்சு" என்று எழுப்பாத வீடு உண்டா? நாம் கும்பகர்ணனிடம் எடுத்துக்கொண்டது தூக்கத்தை மட்டும். கம்பனைப் படித்தவர்களுக்கு அவன் வேறு ஆள். எழுப்பி நிறுத்தியதும் அண்ணனிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி இது:

"ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச்
சானகி துயர்இனம் தவிர்ந்தது இல்லையோ?"

போர் வந்துவிட்டதா, சீதையின் துயரம் இன்னுமா தீரவில்லை என்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். பிறகு களத்தில் விபீடணன் வந்து இராமன் பக்கம் சேர்ந்துவிடு என்று அழைக்கும்போது, "நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்" என்று மறுக்கிறான். நீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்து, கையோடு போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் வரமாட்டேன். அறம் எது என்று தெளிவாகத் தெரிந்தும் உறவின் கடனுக்காகச் சாகப் போகிறவன் அவன்.

அந்தத் தம்பி விபீடணனோ நம் பேச்சில் காட்டிக்கொடுத்தவன். சங்கங்கள் பிளக்கும்போது, கட்சியில் ஒருவர் அணி மாறும்போது, அந்தப் பெயர் உடனே ஒட்டப்படும். வைணவ மரபு அவனை ஆழ்வான் என்று கொண்டாடுவதும் நம்மிடையேதான். ஒரே ஆள் ஒரு கூட்டத்துக்கு அடைக்கலத்தின் இலக்கணம், மறு கூட்டத்துக்குத் துரோகத்தின் இலக்கணம். இதில் யார் சரி என்று தீர்ப்பு எழுத நான் முன்வரவில்லை. கம்பனே தீர்ப்பு எழுதாமல் இரண்டு தம்பியரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்துவிட்டான். பெயரை வசையாக வீசுகிறவர்கள் அந்த உரையாடலை ஒருமுறை படித்துவிட்டு வீசலாம்.

இராமகதை நமக்கு மட்டும் உரியது என்ற நினைப்பும் இந்த நாட்டில் நிற்காது. மலாய் இலக்கியத்தில் ஹிகாயாட் ஸ்ரீ ராமா உண்டு. அதன் பழைய கையெழுத்துப் படி ஒன்று 1633இலேயே இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தது. கிளந்தான் நிழற்கூத்தில் இராவணன் மகாராஜா வானாவாக வருகிறான். மலேசியக் கடற்படையின் உயர்பதவி லக்சமணா. மலாய்ப் பழங்கதை நாயகன் ஹங் துவாவும் ஒரு லக்சமணாதான். அண்ணனுக்காகக் கண்ணுறங்காமல் காவல் நின்றவனின் பெயர் கடற்காவலின் தலைவனுக்கு ஆகியிருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

மூலத்தில் இல்லாத ஒன்று மூலமாகவே நம்பப்படுவதும் உண்டு. "கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்" என்பதைக் கம்பன் சொன்னது என்றுதான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கம்பராமாயணத்தில் அந்த அடி இல்லை. நஞ்சு தின்ற மீன், தழலில் மெழுகு, பாம்பின் வாய்த் தேரை என்று உவமைகளை அடுக்கிக் கடைசியில் கடனாளியின் நெஞ்சில் வந்து முடியும் பிற்காலப் பாட்டு ஒன்றின் ஈற்றடி அது. கம்பன் பெயரில் ஏறி நின்றதற்குக் காரணம் அதன் தரமே. நச்சையும் நெருப்பையும் பாம்பையும் விடக் கொடியது கடன் என்று அந்தப் புலவன் வரிசைப்படுத்தியிருக்கிறான். ஆலோங் எனப்படும் கள்ள வட்டிக்காரரிடம் பணம் வாங்கி, வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டு, வேலியில் சங்கிலி பூட்டப்பட்ட குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை மிகையாகத் தோன்றாது. உரிமம் இல்லாத வட்டிக்காரர்களைப் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களில் இந்த அடியைச் சொல்லும்போது மட்டும் அரங்கம் கைதட்டாமல் அமைதியாகிவிடுகிறது.

அடுத்தது திருமணப் பத்திரிகை. "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்ற அடிகள் இன்று கோலாலம்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் அழைப்பிதழ்களின் மேற்புறத்தில் பொன்மையில் அச்சாகின்றன. குறுந்தொகை 40ஆம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் தெரியாமல் போய், அந்த உவமையாலேயே செம்புலப் பெயனீரார் ஆகிவிட்டார். பாட்டின் தொடக்கம் "யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்". என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு? அழைப்பிதழில் இந்த அடிகளுக்குக் கீழே இருவீட்டுப் பெற்றோர், தாத்தா பாட்டி, தாய்மாமன் பெயர்கள் நிரம்பியிருக்கும். பாட்டோ அந்த உறவுகள் எதுவும் இல்லாமல் கூடிய இருவரைப் பற்றியது. பழைய உரைக்குறிப்பு சூழலைச் சொல்கிறது: முதன்முதலாகக் கூடிய பின், இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள், அவள் முகம் மாறுவதைக் கண்டு அவன் சொல்வது இது. அச்சத்துக்கு மறுமொழியாக எழுந்த பாட்டு என்று தெரிந்தால்தான் கடைசி அடியின் கனம் தெரியும். செம்மண்ணில் விழுந்த மழையைப் பிரித்தெடுக்க முடியாது என்று அவன் உறுதி கொடுக்கிறான். மழை விட்டதும் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் நீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உவமைக்கு உரை தேவைப்படாது. சாதி பார்த்து, மாநிலம் பார்த்து, ஜாதகம் பார்த்து முடித்த திருமணத்தில் இந்தப் பாட்டைப் போடக்கூடாதா என்றால், போடலாம். ஆனால் சாதி கடந்து மணந்த பிள்ளைகளை வீட்டில் சேர்க்காதவர்கள் போடும்போது பாட்டுக்கு நியாயம் செய்ததாக ஆகாது.

கடாரத்துக்கு வருகிறேன். பினாங்கின் வடக்குக் கரையில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் நின்றால் கடலுக்கு அப்பால் குனோங் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில், பழைய கடாரத்தின் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு. கெடா மாநிலமே பழைய கடாரம். பினாங்கும் 1786 வரை கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட தீவுதான். 1025இல் இராசேந்திரன் "அலைகடல் நடுவில் பலகலம் செலுத்தி" வென்றதாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் புகழ்பாடும் பகுதி, தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. வென்ற ஊர்களின் பட்டியல் "தொடுகடற் காவல் கடுமுரட் கடாரமும்" என்று முடியும். மேடைகளில் முழங்குவது இந்தப் பகுதி. இதற்கு இருபது ஆண்டு முன்பு நடந்ததை யாரும் முழங்குவதில்லை. இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் உள்ளன. நூற்றாண்டுகள் கழித்துக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்டதும் அதே நாகப்பட்டினத்திலிருந்துதான்.

இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடியது, 301 அடி. அதன் துறைமுகத் தெருவில் குவிந்து கிடக்கும் பொருள்களின் பட்டியலில் "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்று ஓர் அடி. காழகம் என்பது கடாரம் என்று பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரை எழுதுகிறார். அவர் உரையை ஏற்றால், தமிழ்ப்பாட்டில் இந்த நிலம் முதலில் தலைகாட்டுவது கடல் வழியே வந்த சரக்கின் பெயரில். படையெடுப்பு பல நூற்றாண்டு பின்னால். குதிரை, மிளகு, மணி, பொன், சந்தனம், அகில், முத்து, பவளம் ஆகியவற்றோடு கெடாவின் ஆக்கமும் அந்தத் தெருவில் நெருங்கிக் கிடக்கிறது. மலாய் நண்பர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து சொல்லக்கூடிய கடாரம் இதுதான். வென்ற கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதால் நமக்குப் பெருமை கூடுவதாக நான் நினைக்கவில்லை.

பட்டினப்பாலையின் பெயரைக் கவனியுங்கள். பாலை. அது பிரிவின் திணை. ஊர்ப் பெருமையைப் பாடும் நூலுக்கு ஏன் அந்தப் பெயர்? இத்தனை அடிகளையும் சொல்பவன் ஒரு தலைவன். பொருள் தேடப் புறப்படத் தூண்டும் தன் நெஞ்சோடு பேசுகிறான். இருநூற்றுக்கு மேற்பட்ட அடிகளில் பட்டினத்தின் செல்வத்தை விரித்துவிட்டு இப்படிச் சொல்கிறான்:

"முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும்
வார்இருங் கூந்தல் வயங்கிழை ஒழிய
வாரேன் வாழிய நெஞ்சே"

அந்தப் பட்டினமே கிடைத்தாலும் அவளை விட்டுவிட்டு வரமாட்டேன். பாட்டின் முடிவில் காரணமும் சொல்கிறான். திருமாவளவன் (கரிகாலன்) பகைவர்மேல் ஓங்கிய வேலைவிடக் கொடியது போகவேண்டிய காடு; அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தவை அவள் தோள்கள். காழகத்து ஆக்கத்தைப் பதிவு செய்த பாட்டே திரவியம் தேடப் போகமாட்டேன் என்ற பாட்டு. கொன்றை வேந்தனுக்குப் பல நூற்றாண்டு முன்பே அதற்கு நேர் எதிரான குரல் தமிழில் எழுந்துவிட்டது. இரண்டையும் ஒரே மேடையில் சொல்லும் துணிவு நமக்கு இருந்தால் நம் வரலாறு முழுமையாகக் கேட்கும்.

ஏனென்றால் நம் முன்னோர்களின் அனுபவம் பாலைத் திணைதான். அகத்திணை இலக்கணம் சொல்லும் தொல்காப்பியம் "முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை" என்கிறது. கடற்பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. மலாயா குடியேற்றத்தின் முதற்கட்டத்திலும் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். மூன்றாண்டில் திரும்பலாம் என்று வந்தார்கள். பலர் திரும்பவில்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வதைத் தடை செய்தது. பிறகு போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேரில் எத்தனையோ பேர் காட்டிலேயே மடிந்தார்கள். ஊரில் காத்திருந்த மனைவிக்கு ஓலையும் போகவில்லை, ஆளும் போகவில்லை.

குறுந்தொகையில் 130ஆம் பாட்டை வெள்ளிவீதியார் பாடியிருக்கிறார். அதை மலேசிய மேடை எதிலும் நான் கேட்டதில்லை.

"நிலம்தொட்டுப் புகாஅர் வானம் ஏறார்
விலங்கிரு முந்நீர் காலின் செல்லார்
நாட்டின் நாட்டின் ஊரின் ஊரின்
குடிமுறை குடிமுறை தேரின்
கெடுநரும் உளரோநம் காத லோரே"

பிரிந்தவனை நினைத்து வருந்துகிறவளுக்குத் தோழி சொல்லும் ஆறுதல் இது. மண்ணைத் தோண்டிப் புகுந்திருக்க மாட்டார். வானத்தில் ஏறியிருக்க மாட்டார். குறுக்கிட்டுக் கிடக்கும் பெருங்கடலைக் காலால் நடந்து கடந்திருக்கவும் மாட்டார். நாடு நாடாக, ஊர் ஊராக, குடி குடியாகத் தேடினால் நம் கைக்குத் தப்பிவிடுவாரா? கடலைக் கடந்திருக்க முடியாது என்பதுதான் அந்த ஆறுதலின் அச்சு. நாகப்பட்டினத்துக் கப்பல்கள் அதை முறித்துவிட்டன.

இப்போது தேடுவது இந்தக் கரையில் இருப்பவர்கள். பாட்டனின் பழைய அடையாளச் சீட்டையும் கங்காணியின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் வைத்துக்கொண்டு, நாமக்கல் பக்கம், திருச்சி பக்கம், தஞ்சாவூர் பக்கம் என்று காதில் விழுந்ததை மட்டும் துணையாகக் கொண்டு, மலேசியத் தமிழர் பலர் ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார்கள். சிலருக்குக் கோயில் வரி ஏட்டில் பெயர் கிடைக்கிறது. சிலருக்குத் தாத்தா திரும்பி வருவார் என்று சொல்லிக்கொண்டே இறந்துபோன முதல் மனைவியின் வழிவந்த ஒரு குடும்பம் கிடைக்கிறது. கிடைத்தவர்களோடு என்ன முறை சொல்லிப் பேசுவது, அத்தையா சித்தியா என்பதை அங்கேயே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள்.